பையே இல்லாத பைப்பாலூட்டியா? யாராவது விளக்குங்கள்

தூக்கணாங்குருவி:

வீட்டில் ரெண்டு நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெரிய அட்டை ஒன்றில் 'பைப்பாலூட்டிகள்' என்று தலைப்பெழுதி, கங்காரு, கோவாலா, வாம்பட் என்று வரிசையாகப் படம் ஒட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக நம்பட் என்று ஒன்றை ஒட்டினாள். முதுகில் குறுக்கே வெள்ளைக் கோடுகள், அணில் மாதிரி புசுபுசு வால், கூர் மூக்கு. நன்றாகத்தான் இருக்கிறது, இதுக்குப் பை எங்கே என்று கேட்டேன். "இதுக்குப் பை கிடையாதுப்பா" என்றாள். பை கிடையாது என்றால் இந்த அட்டையில் இதுக்கு என்ன வேலை என்றேன், அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அட்டை அப்படியே பாதியில் நிற்கிறது.

நான் இத்தனை நாளும் சட்டைப் பை மாதிரி ஒன்று, குட்டி பிறந்ததும் அம்மா அதைத் தூக்கி உள்ளே போட்டுக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். பையை வைத்து இல்லையென்றால் வேறு எதை வைத்து இவற்றை ஒரே கூட்டமாகச் சேர்க்கிறார்கள்? எல்லாமே கங்காரு மாதிரி புல் தின்று தாவித் திரிகிறவையா, இல்லை வேறு மாதிரியும் வாழ்கின்றனவா? அப்புறம், வெள்ளைக்காரன் இது என்ன விலங்கு என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்கள் 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன வார்த்தைதான் கங்காரு ஆனது என்கிறார்களே, அது உண்மையா? அதையும் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒற்றைப்பனை:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை அட்டையிலிருந்து அழித்தாக வேண்டும். அது கட்டுக்கதை. 1770-ல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதாகி ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் நின்றபோது, அங்கே வாழ்ந்த கூகு யிமித்திர் மக்களின் மொழியிலிருந்து எழுதிக்கொண்ட சொல் அது. அவர்கள் மொழியில் 'கங்குரு' என்பது ஒரு குறிப்பிட்ட கங்காரு வகையின் பெயர். 1970-களில் அந்த மொழியை ஆராய்ந்த மொழியியலாளர்கள் இதை உறுதிசெய்துவிட்டார்கள். கேட்டவனுக்குச் சரியான பதில்தான் கிடைத்திருக்கிறது.

இப்போது பைக்கு வருவோம். இந்தக் கூட்டத்துக்குப் பை அடையாளம் இல்லை, குட்டி பிறக்கும் வயதுதான் அடையாளம். சிவப்புக் கங்காருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் எழுந்து நின்றால் ஒரு ஆள் உயரம். ஆனால் கர்ப்பகாலம் 33 நாள்தான், பிறக்கிற குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு மொச்சைக்கொட்டை அளவு. ரோமம் கிடையாது, கண் திறக்காது, காது கேட்காது, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு மொட்டு. முன்னங்கை மட்டும் நகத்தோடு தயாராக இருக்கும்.

அம்மா தூக்கிப் போட்டுக்கொள்ளும் என்றீர்களே, அதுதான் இல்லை. பிரசவ நேரம் வந்ததும் தாய் வாலை ரெண்டு காலுக்கும் நடுவே முன்பக்கமாக நீட்டிவிட்டு, பின்னால் சாய்ந்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும். குட்டி வெளியே வந்ததும் யார் உதவியும் இல்லாமல் தாயின் வயிற்று ரோமத்தைப் பிடித்து ஒரு கை மாற்றி ஒரு கையாக, நீச்சலடிப்பதுபோல் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு மேலே ஏறும். மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. பைக்குள் நுழைந்ததும் ஒரு காம்பைத் தேடிப்பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும், காம்பின் நுனி வாய்க்குள்ளேயே உப்பிக்கொள்ளும். அதோடு பூட்டியதுபோலத்தான், தாய் எவ்வளவு தாவினாலும் விழாது. கிட்டத்தட்ட எழுபது நாள் அந்தக் காம்பை விடவே விடாது. இதைப் பார்த்துவிட்டு, காய் காய்ப்பதுபோல் குட்டி காம்பிலிருந்தே முளைக்கிறது என்று ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

ஆக, நம் போன்ற பாலூட்டிகள் குட்டியைத் தொப்புள்கொடி வழியாக வளர்க்கின்றன, இவை பால் வழியாக வளர்க்கின்றன. நாம் கருப்பை என்கிறோமே, அந்த வேலையில் பெரும்பகுதி இங்கே கருப்பைக்கு வெளியே நடக்கிறது. பை இருந்தால் வசதி, அவ்வளவுதான். நம்பட்டுக்குப் பை இல்லை, காம்பு உண்டு, நான்கு குட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டு வயிற்றடியில் தொங்கும், சுற்றியிருக்கும் சுருட்டை ரோமம்தான் போர்வை. தென் அமெரிக்காவில் எலி மாதிரி இருக்கும் குட்டைவால் ஒப்பொசம் என்ற பைப்பாலூட்டிகளுக்கும் பை கிடையாது, ஆனால் 2007-ல் பைப்பாலூட்டிகளில் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தது அவற்றில் ஒன்றினுடையதைத்தான்! மகளிடம் சொல்லுங்கள், நம்பட்டை அட்டையிலிருந்து கிழிக்க வேண்டாம்.

கூழாங்கல்:

நல்ல விளக்கம். பிளாட்டிபஸை விட்டுவிட்டீர்களே, அதுவும் இந்தக் கூட்டம்தானே? ஆஸ்திரேலியா, விசித்திரமான பாலூட்டி, எல்லாம் பொருந்துகிறது. அதையும் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒற்றைப்பனை:

ஒட்ட வேண்டாம்! பிளாட்டிபஸும் எகிட்னாவும் முட்டையிடும் பாலூட்டிகள், அது தனிக் கூட்டம். அவற்றுக்குக் காம்பே கிடையாது, பால் தோலில் கசியும், குஞ்சு நக்கிக் குடிக்கும். குழப்பத்தைக் கூட்ட இன்னொன்று: எகிட்னாவுக்கு முட்டையிடும் பருவத்தில் வயிற்றில் தற்காலிகமாக ஒரு பை உண்டாகும், முட்டையை அதில்தான் வைத்திருக்கும். பை உள்ளது பைப்பாலூட்டி இல்லை, பை இல்லாதது பைப்பாலூட்டி. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மண்வாசம்:

தமிழில் 'பைம்மா' என்றும் ஒரு சொல் இருக்கிறது, பை + மா, மா என்றால் விலங்கு. முதலில் பார்த்தபோது பை-அம்மா என்றுதான் படித்தேன், அதுவும் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் யாப்பொக் பற்றித் தெரிந்தது. மத்திய, தென் அமெரிக்க ஆறுகளில் நீந்தி மீன் பிடிக்கும் ஒப்பொசம் அது. பெண் யாப்பொக் தண்ணீரில் இறங்கும்போது பையின் வாயைத் தசையால் இறுக்கி மூடிக்கொள்ளும், உள்ளே குட்டிகள் நனையாமல் கிடக்கும். ஆணுக்கும் பை உண்டு, நீந்தும்போது விரையை உள்ளே இழுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ள! ஆக, பை-அப்பாவும் உண்டு.

அழிந்துபோன டாஸ்மேனியப் புலியிலும், அதாவது தைலசீனிலும், ஆணுக்குப் பை இருந்தது. மனிதர் பிடியிலிருந்த கடைசித் தைலசீன் 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அந்த இனத்துக்குச் சட்டப்படி பாதுகாப்புக் கொடுத்து ரெண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மலைப்பாதை:

சில வருடங்களுக்கு முன் டாஸ்மேனியாவில் கிரேடில் மலைப் பக்கம் நடக்கப் போயிருந்தேன். மாலை நேரம், பாதையோரப் பாறை ஒன்றின் உச்சியில் அழுக்குப் பச்சையில் ஐந்தாறு கட்டைகள். தாயக்கட்டை மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிசு, ஓரங்கள் மட்டும் மழுங்கல். யாரோ பிள்ளைகள் களிமண்ணில் செய்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன், காய்ந்து லேசாக இருந்தது, உடைத்தால் உள்ளே முழுக்க நார். அப்போதுதான் கூட வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். வாம்பட் புழுக்கை! சதுரமாகப் புழுக்கை போடும் விலங்கு உலகத்தில் அது ஒன்றுதான். அதன் குடல் சுவரில் சில இடம் விறைப்பாகவும் சில இடம் தளர்வாகவும் இருப்பதால், சாணம் நீர் வற்றி இறுகிக்கொண்டே வரும்போது மூலைகள் உருவாகிவிடுகின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அந்த ஆய்வுக்கு 2019-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. பாறை மேலும் மரக்கட்டை மேலும் போட்டு எல்லை குறிக்கும், சதுரமாக இருந்தால் உருண்டு விழாது என்று காரணம் சொல்கிறார்கள். நான் கை கழுவ ஓடை தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு இருட்டும் நேரத்தில் வாம்பட்டே வந்தது, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, பத்தடி தூரத்தில் புல்லைக் கறக் கறக்கென்று மென்றுகொண்டே போனது. குட்டையான கால், பீப்பாய் உடம்பு. பின்பக்கம்தான் அதன் கேடயம், எதிரி துரத்தினால் வளைக்குள் தலையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும், அங்கே தோலும் குருத்தெலும்பும் அவ்வளவு கெட்டி.

உங்கள் கேள்விக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வாம்பட்டின் பை பின்னோக்கித் திறக்கும். மண் தோண்டுகிற பிராணிக்குப் பை முன்னோக்கி இருந்தால் மண் எல்லாம் குட்டி தலையில்தான் கொட்டும். கோவாலா மரத்தில் ஏறுகிற விலங்கு, ஆனால் அதன் பையும் மேல்நோக்கித் திறக்காது, வாம்பட்தான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் என்பதால் வந்த வழக்கம் என்கிறார்கள். குட்டி விழாமலிருக்கப் பை வாயைத் தசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த அமைப்பில் கோவாலாவுக்கு ஒரு லாபமும் உண்டு, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். யூகலிப்டஸ் இலையில் நஞ்சு அதிகம், சத்து குறைவு, அதைச் செரிக்கக் குடலில் தனி நுண்ணுயிர்கள் வேண்டும், குட்டிக்கு அவை பிறவியிலேயே கிடையாது. அதனால் ஆறு மாத வாக்கில் தாய் வழக்கமான புழுக்கைக்குப் பதிலாகக் கூழ் மாதிரி ஒன்றை வெளியேற்றும், குட்டி பையிலிருந்து தலையை நீட்டி அதைத் தின்னும். அதுதான் அதன் முதல் திட உணவு. மற்றபடி கோவாலா யூகலிப்டஸ் போதையில் தூங்குகிறது என்பதெல்லாம் கதை, சாப்பாட்டில் தெம்பு இல்லை, அதனால் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கிக் கழிக்கும்.

நடுநிசிவாசகன்:

எல்லாரும் அழகானதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கொடூரமானதைச் சொல்கிறேன். (பிள்ளைகள் அட்டைக்கு வேண்டாம்.)

டாஸ்மேனியன் டெவில் என்று இறைச்சி தின்னும் பைப்பாலூட்டி ஒன்று, அது ஒரு பிரசவத்தில் இருபது முப்பது குட்டி போடும். ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவு. பையில் காம்பு நான்குதான். ஏறி வந்து முதலில் பிடித்த நான்குக்குத்தான் வாழ்வு, மற்றவை பிறந்த அன்றே முடிந்தது. அந்த இனத்துக்கு 1996 முதல் இன்னொரு சோதனை. முகத்தில் கட்டி கட்டியாக வரும் புற்றுநோய், அதுவும் தொற்றுகிற புற்றுநோய். ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்வது அவற்றின் சுபாவம், கடிக்கும்போது புற்றணுக்களே உயிரோடு ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போய் வேர்விட்டுவிடும். நோயில்லாத ஒரு கூட்டமாவது மிஞ்சட்டும் என்று 2012-ல் டாஸ்மேனியாவை ஒட்டிய மரியா தீவில் கொஞ்சம் டெவில்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின, ஆனால் அங்கே முட்டையிட்டுக்கொண்டிருந்த, உருவத்தில் சிறிய பென்குயின் இனம் ஒழிந்தது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்று.

அடுத்தது ஆன்டெகைனஸ். பார்த்தால் சுண்டெலி மாதிரி இருக்கும், ஆனால் எலி இல்லை, பூச்சி தின்னும் பைப்பாலூட்டி. வருடத்தில் ரெண்டு மூன்று வாரம்தான் இணை சேரும் காலம், அப்போது ஆண்கள் தீனியும் தூக்கமும் மறந்து அலையும், ஒரு இணைசேர்க்கையே பதினான்கு மணி நேரம்வரை போகும். உடம்பில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக்கொண்டே போய் இறங்காமல் நின்றுவிடும், ரோமம் கொட்டும், குடலில் ரத்தம் கசியும், நோய் எதிர்ப்பு சுத்தமாகப் போய்விடும். காலம் முடிவதற்குள் அந்தப் பகுதியின் ஆண்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்துவிடும். கர்ப்பம் ஏறக்குறைய ஒரு மாதம். ஆக, குட்டிகள் பிறக்கும்போது எந்தக் குட்டிக்கும் அப்பா உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு அந்தக் காட்டில் அந்த இனத்தின் ஆண் என்று இருப்பதெல்லாம் தாய் வயிற்றுக்குள் இருப்பவைதான்!

தூக்கணாங்குருவி:

அடேங்கப்பா. அட்டை போதாது, சுவர்தான் வேண்டும் போலிருக்கிறது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு ரெண்டு கேள்வி கேட்கிறாள். அரைகுறையாகப் பிறப்பதால் இவை பின்தங்கிய இனமா, அதனால்தான் ஆஸ்திரேலியாவில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றனவா? ஒரு குட்டி பைக்குள் இருக்கும்போது இன்னொன்று பிறந்தால் தாய் என்ன செய்யும்?

ஒற்றைப்பனை:

ரெண்டாவது கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஒரு சபாஷ்.

சிவப்புக் கங்காரு குட்டி போட்ட ஒன்றிரண்டு நாளில் மறுபடி இணை சேர்ந்துவிடும். அந்தக் கரு ஏறக்குறைய நூறு செல் அளவுக்கு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். சாகாது, வளரவும் வளராது. பைக்குள் இருக்கும் குட்டி காம்பைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை அந்த நிறுத்தம் நீடிக்கும். பெரிய குட்டி பையை விட்டு வெளியேறும் நேரம் நெருங்கியதும், இல்லை பஞ்சத்தில் அது செத்துப்போனதும், நின்ற கரு மறுபடி வளர ஆரம்பிக்கும். இப்படி ஒரே நேரத்தில் தாய்க்கு மூன்று பிள்ளை இருக்கலாம்: வெளியே துள்ளித் திரிந்துகொண்டு அவ்வப்போது பைக்குள் தலையை மட்டும் விட்டுப் பால் குடிக்கும் மூத்தது, காம்பில் பூட்டிய இளையது, வயிற்றில் காத்திருக்கும் கரு. மூத்ததற்குக் கொழுப்பு நிறைந்த பால், இளையதற்குக் கொழுப்பு குறைந்த நீர்த்த பால், பக்கத்துப் பக்கத்துக் காம்பில், ஒரே உடம்பிலிருந்து, ஒரே நேரத்தில். டம்மார் வாலபி என்ற சின்னக் கங்காருவில் சோதித்தும் பார்த்தார்கள், இளங்குட்டியை எடுத்து முதிர்ந்த பால் சுரக்கும் தாயிடம் விட்டால் அது வயதுக்கு மீறி வேகமாக வளர்கிறது. குட்டியின் வளர்ச்சிக் கணக்கைத் தாய்ப்பாலும் சேர்ந்துதான் எழுதுகிறது.

இதிலேயே முதல் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிட்டது. பின்தங்கியது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். மழை எப்போது வரும் என்றே தெரியாத வறண்ட நிலத்தில், மாதக்கணக்கில் வயிற்றில் சுமந்த குட்டியைப் பஞ்சத்தில் இழப்பதைவிட, ஒரு கிராம் குட்டியை இழந்துவிட்டு அடுத்த கருவைத் தட்டி எழுப்புவது தாய்க்கு எவ்வளவோ மலிவு.

ஆஸ்திரேலியாவில் மட்டும் என்பதும் சரியில்லை. மொத்தம் 330 இனங்களுக்கு மேல், அதில் நூற்றுக்கும் மேற்பட்டவை அமெரிக்கக் கண்டங்களில்தான். நியூகினித் தீவில் மரமேறும் கங்காரு உண்டு, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குஸ்குஸ் என்ற மரவாழ் பைப்பாலூட்டி உண்டு. இவற்றின் முன்னோர் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கின்றன, அப்போது மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன, அண்டார்டிகாவில் பனி இல்லை, காடுதான். அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் பைப்பாலூட்டியின் புதைபடிவமே 1982-ல் கிடைத்துவிட்டது. சிலியிலும் அர்ஜென்டினாவிலும் இன்றும் வாழும் 'மொனிட்டோ டெல் மொன்ட்டே' என்ற கைக்குள் அடங்கும் பிராணி, பக்கத்து மரத்து ஒப்பொசத்தைவிடக் கடல் தாண்டிய கங்காருவுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

எல்லாமே புல் தின்று தாவுமா என்றீர்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பை அகழெலி என்று ஒன்று, கண் பார்வை கிடையாது, மணலுக்குள் நீந்தும், பின்னால் மணல் சரிந்து மூடிக்கொள்வதால் போன சுரங்கமே தெரியாது. தேன் பொசம் பத்து கிராம் அளவுதான், பூந்தேனும் மகரந்தமும் தவிர வேறொன்றும் தின்னாது, பாலூட்டிகளிலேயே எடை குறைந்த குட்டியைப் பெறுவது அதுதான், ஐந்து மில்லிகிராம்கூட வராது. கைக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதக்கும் சுகர் கிளைடரைப் பார்த்தால் பறக்கும் அணில் என்று சத்தியம் செய்வீர்கள், ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது.

மண்வாசம்:

ஒப்பொசத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டீர்கள். மெக்சிகோவுக்கு வடக்கே வர்ஜீனியா ஒப்பொசம் ஒன்றுதான் இந்தக் கூட்டத்தின் ஒரே ஆள். மிரண்டால் செத்ததுபோல் விழுந்துவிடும், வாயில் எச்சில் வழியும், பின்னாலிருந்து நாற்றமடிக்கும் பச்சைத் திரவம் வரும். அது நடிப்பு இல்லை, நாம் மயங்கி விழுவதுபோல் தானாக நடப்பது, சில நேரம் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். உடம்பு வளைகிறது, மூச்சு லேசாக இருக்கிறது என்றால் குழி தோண்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துச் சங்கதி. ஆஸ்திரேலியாவில் பேண்டிகூட் என்று ஒரு பைப்பாலூட்டி இருக்கிறது, மூக்கு நீண்டது, கர்ப்பகாலம் பன்னிரண்டரை நாள்தான். அந்தப் பெயர் தெலுங்கு 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. நாம் பெருச்சாளி என்கிறோமே அதுதான். ஆங்கிலேயர் இங்கே பெருச்சாளிக்குக் கேட்ட பெயரைக் கொண்டுபோய், அங்கே பார்த்த சம்பந்தமே இல்லாத பிராணிக்கு ஒட்டிவிட்டார்கள். இணையத்தில் பேண்டிகூட் என்று தேடினால் ரெண்டும் கலந்துதான் வரும், படம் எடுக்கும்போது பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கணாங்குருவி:

ஐயோ, அட்டையில் மூன்றாவது வரிசையில் அதுவும் இருக்கிறது! இப்போதுதான் உற்றுப் பார்த்தோம். மூக்கு குட்டை, வால் நீளமாக மொட்டையாக இருக்கிறது. சந்தேகமே இல்லை, பெருச்சாளிதான். பசை காய்ந்துவிட்டது, பிய்த்தால் அட்டையும் சேர்ந்து வருகிறது. அதன் மேலேயே யாப்பொக் படத்தை ஒட்டிவிடலாம் என்கிறாள், அளவு சரியாக இருக்கிறதாம்.